வாங்க வைக்கிற எழுத்து: ஒரு கிரைண்டர் எனக்குச் சொல்லித்தந்த பாடம்



இந்த வார எபிசோட்டில் அஃபிலியேட் மார்க்கெட்டிங் பற்றிக் கதைச்சோம். கேட்டு முடிய உங்களுக்கு வரப்போற அடுத்த கேள்வி, "சரி, அதை எழுதுறது எப்படி?" அதுக்கான பாடம்தான் இந்த மடல். நான் விட்ட பிழையிலிருந்தே தொடங்குறன்.

சில வருஷத்துக்கு முதல் லண்டனில் எனக்கு ஒரு கான்ட்ராக்ட் முடிஞ்சுது, அடுத்தது கிடைக்கேல்ல. சும்மா இருக்கிற நேரத்தில், வெளிநாட்டுத் தமிழ் வீடுகளுக்கான சமையல் சாமான்கள் பற்றி ஒரு வெப்சைட் தொடங்கினன். கம்ப்யூட்டர் சயன்ஸ் படிச்ச ஆள், சைட் கட்டுறது ஒரு பின்னேர வேலை. எழுத்துதான் பிரச்சினை. "சிறந்த 10 வெட் கிரைண்டர்கள்" எண்டு ஒரே இரவில் எழுதி முடிச்சன். பத்தில் ஒண்டைக்கூட நான் தொட்டுப் பார்த்ததில்லை. கடைப் பக்கத்தில் இருந்ததை எடுத்து, வசனத்தை மாத்திப் போட்டன்.

ஆட்கள் வந்தாங்க, வாசிச்சாங்க, போயிட்டாங்க. வாங்கின ரெண்டு மூண்டு பேரில் ஒருத்தர் ஸ்காபரோவில் இருக்கிற என்ட பெரியம்மா. நான் "முதலிடம்" குடுத்த கிரைண்டரை, வெளிநாட்டுக்கும் அனுப்புற ஒரு கடையில் எடுத்திருக்கிறா. அது 230 வோல்ட் மெஷின். இந்தியா, இலங்கை, பிரித்தானியா மூண்டுக்கும் அது சரி. கனடா வீட்டுச் சுவரில் வாறது 120 வோல்ட். மோட்டர் முனகிச்சுது, கல்லு சுத்தேல்ல. திருப்பி அனுப்புற செலவு கேட்டுப் பேசாமல் கராஜில் வைச்சிட்டா. எனக்கு வந்த கமிஷன் நாலு பவுண்ட் சொச்சம்.

அம்மாவிட்டத்தான் அவ சொன்னவ: "தம்பி எழுதினது எண்டபடியால்தான் நம்பி வாங்கினன்." அந்த வசனத்துக்குப் பிறகு அந்தக் கட்டுரையை அழிச்சிட்டு முதலிலிருந்து எழுதினன். அப்ப படிச்சதுதான் கீழே.

1. வாறவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்?

அமேசான் தன்ட அஃபிலியேட் திட்டத்தை 1996-இல் தொடங்கியது. உங்கட லிங்க்கை ஒருத்தர் அழுத்தினால், பொதுவாக 24 மணித்தியாலத்துக்குள் அவர் வாங்கினால்தான் அது உங்கட கணக்கில் சேரும். அதனால் இண்டைக்கோ நாளைக்கோ வாங்கப்போறவருக்குத்தான் நீங்கள் எழுதுறீங்கள். "வெட் கிரைண்டர் என்றால் என்ன" எண்டு தேடுறவருக்கு இன்னும் நாள் இருக்கு. "கனடாவில் ஓடுற 110 வோல்ட் கிரைண்டர்" எண்டு தேடுறவர் கையில் கார்டோட இருக்கிறார். ரெண்டு பேருக்கும் ஒரே கட்டுரை எழுதினால் ரெண்டு பேரும் போயிடுவாங்க. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடு உண்டு. நல்ல தகவல்தான், ஆனால் ரெண்டாவது ஆளுக்கு அது முதல் பந்தியில் தேவையில்லை.

2. முடிவை மேல வையுங்கள், ஆருக்குச் சரிவராது எண்டும் சொல்லுங்கள்

என்ட புதுக் கட்டுரை இப்படித் தொடங்குது: "நாலு பேர் வீடு, கிழமைக்கு ஒருக்காத் தோசை எண்டால் இந்த 2 லிட்டர் கிரைண்டர் போதும். கனடா, அமெரிக்காவில் இருக்கிறீங்கள் எண்டால் இதை வாங்காதேங்கோ, 110 வோல்ட் மாடலைப் பாருங்கோ. வோல்ட்டேஜை மாத்துற டிரான்ஸ்ஃபோமர் போட்டாலும் 50 ஹேர்ட்ஸ், 60 ஹேர்ட்ஸ் வித்தியாசம் அப்படியே இருக்கும்."

"வாங்காதேங்கோ" எண்டு எழுதினால் விற்பனை குறையும் எண்டு பயந்தன். ஆனால் யோசிச்சுப் பாருங்கள்: உங்களுக்கு வேண்டாம் எண்டு சொல்லக்கூடிய ஒருத்தர் "இது சரி" எண்டு சொன்னால்தானே அதுக்குப் பெறுமதி.

3. ஸ்பெக்கை வீட்டுக்குள்ள கொண்டு வாங்கோ

பழைய வசனம்: "சக்திவாய்ந்த மோட்டர், நவீன வடிவமைப்பு, நீடித்த உழைப்பு." இதை ஃபிரிட்ஜுக்கும் எழுதலாம், வாஷிங் மெஷினுக்கும் எழுதலாம். எதுக்கும் பொருந்துற வசனம் எதையும் விக்காது.

புது வசனம்: "ஊறப்போட்ட உழுந்தை அரைக்கேக்க பக்கத்து அறையில் டீவி கேக்குது. கல்லோட தூக்கினால் பாரம், அம்மாவால் மேல் தட்டுக்கு ஏத்த ஏலாது. அதனால் இது கிச்சின் மேசையிலேயே நிரந்தரமாக நிக்கும், இடத்தை முதலில் அளந்து பாருங்கோ."

இப்படி எழுத ஒரே வழி, பொருளைப் பாவிக்கிறது. வாங்கக் காசில்லையா? மாமி வீட்டில் இருக்கும், ஒரு சனிக்கிழமை போய் அரைச்சுப் பாருங்கோ. படமும் நீங்களே எடுங்கோ. பிரையன் லாம் 2011-இல் தொடங்கின வயர்கட்டர் இப்படிச் சோதிச்சுச் சோதிச்சு எழுதித்தான் பெயர் எடுத்தது. 2016-இல் நியூயார்க் டைம்ஸ் அதை ஏறத்தாழ 3 கோடி டொலருக்கு வாங்கியது.

4. லிங்க் எங்க, என்ன சொல்லோட?

வாசிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் தீர்ற இடத்தில் லிங்க் இருக்கவேணும். தொடக்கத்தில் முடிவு சொன்ன இடத்தில் ஒண்டு, குறைகளைச் சொல்லி முடிச்ச இடத்தில் ஒண்டு. பத்து பொத்தான் போட்டால் சந்தைக் கூச்சல் மாதிரி இருக்கும். "உடனே வாங்குங்கள்" எண்டதை "இண்டைய விலையைப் பாருங்கோ" எண்டு மாத்தினன். விலையை நீங்களாக எழுதி வைக்காதேங்கோ. அது மாறும், நீங்கள் பொய் சொன்ன மாதிரிப் போயிடும்.

5. காசு வருது எண்டு முதலே சொல்லுங்கள்

பெரியம்மாவுக்கு ஃபோன் எடுத்து, "அந்த லிங்க்கால எனக்குக் கமிஷன் வந்தது" எண்டு சொன்னன். அவ கோவிக்கேல்ல. "அதை முதலே சொல்லியிருந்தா, தம்பி, உனக்குக் காசு வரட்டும் எண்டு அதிலேயே வாங்கியிருப்பன். ஆனா வாங்க முதல் உன்னட்ட ஒருக்காக் கேட்டும் இருப்பன்" எண்டா. அந்த ஒரு கேள்வி வந்திருந்தால் வோல்ட்டேஜ் விஷயம் வெளிய வந்திருக்கும்.

சட்டமும் அதைத்தான் கேக்குது. பிரித்தானியாவில் ஏ.எஸ்.ஏ.யின் விதிப்படி, விளம்பரம் எண்டால் அது விளம்பரம் எண்டு பார்த்தவுடனே தெரியவேணும், அஃபிலியேட் லிங்க்கும் அதில் அடக்கம். அமெரிக்காவில் எஃப்.டி.சி.யும் இப்படியே எதிர்பார்க்குது. பிரித்தானியாவில் 2025 ஏப்ரல் 6 முதல் போலி ரிவியூக்கள் சட்டப்படி தடை. பாவிக்காததைப் பாவிச்சன் எண்டு எழுதாதேங்கோ. அறிவிப்பைப் பக்கத்தின் அடியில் ஒளிக்காமல், முதல் லிங்க்குக்கு மேல வையுங்கள். கூகுளுக்காக லிங்க்கில் "ஸ்பான்சர்ட்" எண்ட குறியையும் சேருங்கோ.

6. எண்ணிப் பாருங்கோ

உதாரணத்துக்கு: 1,000 பேர் வாறாங்க, 50 பேர் லிங்க்கை அழுத்துறாங்க, 2 பேர் வாங்குறாங்க. அழுத்தினவர் 5 வீதம், அழுத்தினவரில் வாங்கினவர் 4 வீதம். 150 பவுண்ட் பொருள், 3 வீதக் கமிஷன் எண்டால் மொத்தம் 9 பவுண்ட். முதல் எண் குறைவு எண்டால் பெரும்பாலும் எழுத்து ஆளைத் தொடேல்ல. ரெண்டாவது குறைவு எண்டால், நீங்கள் சொன்னதுக்கும் கடையில் இருக்கிறதுக்கும் இடைவெளி இருக்கா எண்டு பாருங்கோ. ஒரு நேரத்தில் ஒண்டை மட்டும் மாத்துங்கோ. 2 பேர் 3 பேர் ஆனவுடனே துள்ளாதேங்கோ, அது தற்செயலாகவும் இருக்கலாம்.

இந்த வார வேலை

உங்கட வீட்டில் தினமும் பாவிக்கிற ஒரு பொருளை எடுங்கோ. அதைப் பற்றி ஐஞ்சு வசனம்: ஆருக்குச் சரி, ஆருக்குச் சரிவராது, பாவிச்சால் மட்டும் தெரியிற ஒரு விஷயம், ஒரு குறை, உங்களுக்குக் காசு வருமா இல்லையா. எழுதி முடிய அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ வாசிச்சுக் காட்டுங்கோ. அவையின்ட முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்க ஏலாத வசனத்தை வெட்டி விடுங்கோ.

பெரியம்மாவுக்கு 110 வோல்ட் கிரைண்டர் ஒண்டு நான் வாங்கி அனுப்பினன். என்ட சொந்தக் காசில், லிங்க் இல்லாமல்.

அடுத்த எபிசோட்டில் சந்திப்பம்.