தானே கணக்குச் சொல்லும் மின் மீட்டர்

பால் கூட்டுறவுச் சங்கத்தில் காலையும் மாலையும் பாலை அளந்து அட்டையில் எழுதித் தருகிறார்கள். அளவை சரியாக இருந்தால்தான் ஊற்றியவருக்கு உரிய பணம் கிடைக்கும். அளவை தவறினால் நஷ்டம் அவரோடு நிற்பதில்லை. ஒருவருக்குக் கூடுதலாக எழுதிய பாலின் விலையை மற்ற அங்கத்தினர்கள்தான் சுமக்க வேண்டும். மின்சாரம் விநியோகிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இது பொருந்தும். அத்தகைய சங்கங்கள் மிகுதியாக உள்ள நாடு அமெரிக்கா. அங்கே ஆள் போகாமலே மீட்டர் கணக்கை எடுக்கும் முறை எப்படி வந்தது, அதனால் அங்கத்தினர்கள் அடைந்த நன்மை என்ன, நம் விவசாயிகள் அறிய வேண்டியது என்ன என்பதை இங்கே காண்போம்.

கிராம மின் கூட்டுறவுகள்

1935-ல் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின் இணைப்பு இருந்தது. பண்ணை வீடுகள் வெகு தூரம் தள்ளித் தள்ளி இருந்தமையால், கம்பி இழுக்கும் செலவுக்கு வருமானம் கட்டாது என்று தனியார் கம்பெனிகள் ஒதுங்கிக் கொண்டன. அந்த ஆண்டு குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கிராம மின்மய நிர்வாகம் ஒன்றை ஏற்படுத்தினார். 1936-ல் இதற்கெனச் சட்டமும் வந்தது. விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, அரசுக் கடன் பெற்று, தாங்களே கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். இச்சங்கங்கள் இலாப நோக்கமற்றவை. செலவு போக மிஞ்சும் தொகை, அவரவர் செலுத்திய கட்டணத்தின் விகிதப்படி அங்கத்தினர் பெயரில் வரவு வைக்கப்படுகிறது.

இந்தியாவிலும் இம்முறை உண்டு. 1969-ல் மத்திய அரசு ஏற்படுத்திய கிராம மின்மயக் கழகத்தின் உதவியுடன், முன்னோடியாக ஐந்து இடங்களில் மின் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கப்பட்டன. இன்றைய தெலங்கானாவில் உள்ள சிரிசில்லாவும், கர்நாடகத்தில் பெல்காம் பகுதியைச் சேர்ந்த ஹுக்கேரியும் அவற்றில் அடங்கும்.

பழைய முறையும் அதன் தொல்லைகளும்

அமெரிக்கச் சங்கங்களில் ஒரு மைல் நீளக் கம்பிக்குச் சராசரியாகச் சுமார் எட்டு இணைப்புகளே உள்ளன. ஒவ்வொரு மீட்டருக்கும் ஆள் அனுப்பினால் சம்பளமும் வண்டிச் செலவும் கட்டுப்படியாகாது. ஆகவே பல சங்கங்களில் அங்கத்தினரே தம் மீட்டரைப் பார்த்து, எண்ணை அட்டையில் குறித்துத் தபாலில் அனுப்பி வந்தார்கள்.

இதில் மூன்று தொல்லைகள் இருந்தன. முதலாவது, பழைய மீட்டரில் கடிகார முகம் போன்ற வட்டங்கள் இருக்கும். ஒரு வட்டத்தின் முள் வலமாகச் சுற்றினால் அடுத்தது இடமாகச் சுற்றும். முள் இரண்டு எண்களுக்கு இடையில் நின்றால் சிறிய எண்ணையே எடுக்க வேண்டும். இதில் தவறுவது எளிது. இரண்டாவது, அறுவடை மும்முரத்தில் மீட்டரைப் பார்க்காமல் உத்தேசமாக எழுதி விடுவார்கள். பின்னால் சங்கத்து ஆள் வந்து பார்க்கும்போது, பல மாத பாக்கி ஒரே பில்லாக வந்து விழும். மூன்றாவது, ஒவ்வொருவரும் வெவ்வேறு நாளில் கணக்கு எடுப்பதால், சங்கம் வாங்கிய மின்சாரத்துக்கும் அங்கத்தினர் உபயோகித்த மின்சாரத்துக்கும் கணக்கு நேராகாது.

புதிய முறை வேலை செய்யும் விதம்

தானியங்கி முறையில் மீட்டருக்குள் ஒரு சிறு கருவி இருக்கும். அது மீட்டரின் எண்ணைக் குறிப்பலையாக மாற்றி அனுப்புகிறது. நகரங்களில் இதற்கு வானொலி அலைகளைப் பயன்படுத்தினார்கள். வீடுகள் தூரத் தூர உள்ள கிராமங்களில், மின்சாரம் வரும் அதே கம்பியே தபால்காரன் வேலையைச் செய்தது. குறிப்பலை கம்பி வழியே துணை மின் நிலையத்தை அடைகிறது. அங்கிருந்து சங்க அலுவலகத்துக்குச் செல்கிறது. தொடக்கக் காலக் கருவிகள் சில, ஒரே ஒரு எண்ணை அனுப்பப் பல மணி நேரம் எடுத்துக் கொண்டன. ஆயினும் மாதம் ஒருமுறை கிடைத்த கணக்கு நாள்தோறும் கிடைத்ததே பெரிய மாறுதல். இன்று இந்தியாவில் பொருத்தப்பட்டு வரும் ஸ்மார்ட் மீட்டர் இம்முறையின் வளர்ந்த வடிவமே.

அங்கத்தினருக்கு நன்மைகள்

1. உத்தேச பில் ஒழிகிறது. எல்லா மீட்டர்களையும் குறித்த நாளில் படிக்க முடிகிறது. உபயோகம் கூடக் கூட யூனிட் விலையும் கூடும் படிமுறைக் கட்டணத்தில் இது முக்கியம். ஒரு வீட்டில் நாளைக்கு 3 யூனிட் செலவாவதாகக் கொள்வோம். 60 நாளில் எடுத்தால் 180 யூனிட். 70 நாள் கழித்து எடுத்தால் 210 யூனிட். 200 யூனிட்டில் ஒரு படி இருந்தால், நுகர்வோர் தவறு ஏதுமின்றியே மேல் படிக்குத் தள்ளப்படுகிறார்.

2. மின் இழப்பு வெளிப்படுகிறது. துணை மின் நிலையத்திலிருந்து ஒரு லைனில் 10,000 யூனிட் சென்றது. அந்த லைனிலுள்ள மீட்டர்களின் கூட்டுத்தொகை 8,500 யூனிட் என்று வைத்துக் கொள்வோம். மீதி 1,500 யூனிட் கம்பியிலும் டிரான்ஸ்பார்மரிலும் வெப்பமாகப் போயிருக்கலாம், பழுதான மீட்டரில் பதிவாகாமல் இருக்கலாம், திருட்டாகவும் இருக்கலாம். ஒரே நேரத்தில் எல்லாக் கணக்கும் கிடைத்தால்தான் எந்த லைனில் இழப்பு என்று கண்டுபிடிக்க முடியும். கூட்டுறவில் அந்த 1,500 யூனிட்டின் விலை ஒழுங்காகப் பணம் கட்டுபவர் தலையில்தான் விழுகிறது.

3. மின்தடை சீக்கிரம் சரியாகிறது. புயலடித்த இரவில் எந்தெந்த மீட்டர் பதில் சொல்லவில்லை என்று பார்த்து, கம்பி அறுந்த இடத்தை அலுவலகத்திலிருந்தே ஊகிக்கலாம். லைன்மேன் இருட்டில் மைல் கணக்காகத் தேடி அலைய வேண்டியதில்லை.

4. பம்புசெட்டின் நிலை தெரிகிறது. 5 குதிரை சக்தி மோட்டாரின் திறன் 3,730 வாட். மோட்டாரின் செயல்திறன் 80 சதவீதம் என்று கொண்டால், அது மணிக்குச் சுமார் 4.7 யூனிட் எடுக்கும். ஆறு மணி நேரம் ஓடினால் 28 யூனிட். அந்த நேரத்தில் பாய்ந்த அதே நிலத்துக்கு இப்போது 36 யூனிட் ஆகிறதென்றால், புட்வால்வு அடைப்போ, இம்பெல்லர் தேய்மானமோ, கிணற்று நீர்மட்டம் இறங்கியதோ காரணமாக இருக்கும். மோட்டார் எரியும் முன்பே கவனித்துக் கொள்ளலாம்.

குறைகளும் உண்டு

கருவியின் விலையைச் சங்கம் ஏற்றாலும், அது அங்கத்தினர் பணமே. வீடு வீடாகச் சென்று ரீடிங் எடுப்பவரின் வேலை போகிறது. அவரோ பெரும்பாலும் அதே ஊர்க்காரர். சில மீட்டர்களில் அலுவலகத்திலிருந்தே இணைப்பைத் துண்டிக்கும் வசதியும் உண்டு. பாக்கிக்காக எவ்வளவு நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத் துண்டிக்கலாம் என்பதை அங்கத்தினர் கூட்டத்தில் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். ஆகவே மீட்டர் என்றாலே பின்னால் பில் வரும் என்ற அச்சம் விவசாயிகளுக்கு இருக்கிறது. அது காரணமற்ற அச்சம் என்று தள்ளிவிட முடியாது. அதே சமயம், மீட்டர் அளக்கும் கருவி மட்டுமே. கட்டணம் விதிப்பது அரசும் ஒழுங்குமுறை ஆணையமும் எடுக்கும் முடிவு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அளவை இல்லாத இடத்தில் விவசாய உபயோகத்தை உத்தேசமாகத்தான் கணக்கிடுகிறார்கள். கம்பியில் போன இழப்பும், வேறு எங்கோ நடந்த திருட்டும் விவசாயி குடித்த கணக்கில் எழுதப்பட்டால், மறுத்துச் சொல்ல அவர் கையில் ஓர் எண்ணும் இல்லை.

வீட்டு மீட்டரைச் சோதிக்கும் முறை

எந்த மீட்டராயினும் கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்கலாம்.

முதலில் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்து விடவும். மீட்டரில் மினுக்கும் சிறு சிவப்பு விளக்கைச் சில நிமிடங்கள் கவனிக்கவும். அது தொடர்ந்து மினுக்கினால் மீட்டரிலோ வயரிங்கிலோ குறை உள்ளது.

அடுத்து, மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். அது 3,200 என்று கொள்வோம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் 6 நிமிடம் எரிய விட்டால், 32 மினுக்கு வர வேண்டும். மின் அழுத்தம் குறைந்த நேரத்தில் சற்றுக் குறைவாக வரும். மிகவும் கூடுதலாக வந்தால் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும்.

மத்திய அரசு 2024-ல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ரீடிங் உண்மை உபயோகத்துக்குப் பொருந்தவில்லை என்று புகார் செய்தால், 5 நாட்களுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது 3 மாத உபயோகத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொண்டு, தேதியையும் மீட்டர் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வருவது நல்லது. மழைக் கணக்கும் விளைச்சல் கணக்கும் எழுதும் நோட்டிலேயே இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். மீட்டர் தானே கணக்குச் சொன்னாலும், அது சொல்வது சரிதானா என்று கேட்க விவசாயியிடமும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.