பழைய மோட்டார் காரில் பழுது எங்கே? கிளட்சிலா, கியர் பெட்டியிலா?

நெகிரி செம்பிலானில் சிரம்பானுக்கும் கோலா பிலாவுக்கும் இடையே புக்கிட் பூத்துஸ் குன்று உள்ளது. அதன்மீது வளைந்து நெளிந்து செல்லும் பழைய சாலை, முற்காலக் கார்களுக்குக் கடினமானதொரு சோதனை. ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கினால் கார் நின்றுவிடும். இறக்கத்தில் கியர் தானே கழன்றுகொண்டாலோ உயிருக்கே ஆபத்து. ஆகவே, பழுது எங்கே உள்ளது என்பதைப் பட்டறையிலேயே கண்டறிதல் அவசியம். பழுது கிளட்சில் இருக்க, கியர் பெட்டியைக் கழற்றி வீண் செலவு செய்வோர் பலர். தொழில் பழகும் நம் இளைஞர்களுக்கு இப்பழைய கார்கள் நல்ல பாடநூல் என்பது நம் கருத்து.

அக்காலக் கார்கள் பலவற்றில் கூம்பு வடிவக் கிளட்ச் இருந்தது. தோல் போர்த்திய கூம்பை ஒரு சுருள்வில், எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரத்தின் குழிவுக்குள் அழுத்திப் பிடிக்கும். தோலில் எண்ணெய் படிந்தால் வழுக்கும். உலர்ந்து இறுகினால் கார் குலுங்கிப் பாயும். முன்னதற்குப் பெட்ரோலால் துடைப்பர். பின்னதற்குச் சிறிது விளக்கெண்ணெய் தடவுவர்.

வழுக்குவதை அறிவது எளிது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கை இறுக்கி, உயர்ந்த கியரைப் போட்டு, மிதியை மெல்ல விடவேண்டும். எஞ்சின் திணறி நின்றால் கிளட்ச் நன்றாயுள்ளது. நில்லாது ஓடிக்கொண்டிருந்தால் அது வழுக்குகிறது. இச்சோதனையை அடிக்கடி செய்தால் தோல் கருகிவிடும்.

கியர் போடும்போது பல்சக்கரங்கள் கரகரவென்று அரைபடுகின்றனவா? கார் நிற்கையில் மிதியை அழுத்திச் சில நொடிகள் பொறுத்துக் கியரைப் போட்டுப் பார்க்கலாம். அப்போதும் அரைபட்டால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். நிற்கையில் அமைதியாக விழுந்து, ஓட்டத்தில் மட்டும் அரைபடுமாயின், முதலில் ஓட்டும் முறையைக் கவனிக்க வேண்டும். வேகங்களைத் தாமே சமப்படுத்தும் கியர் பெட்டி 1928இல்தான் காடிலாக் காரில் வந்தது. அதற்கு முந்திய கார்களில் கியரைக் குறைக்க, மிதியை அழுத்தி, கியரை விடுவித்து, மிதியை விட்டு, எஞ்சின் வேகத்தைச் சற்றுக் கூட்டி, மீண்டும் அழுத்திக் கியரை மாற்றவேண்டும். முறையாகச் செய்தும் அரைபட்டால், பற்கள் தேய்ந்துள்ளனவா என்று பார்க்கலாம்.

ஓசையும் வழிகாட்டும். கியர் போடாமல் எஞ்சின் ஓடுகையில் எழும் இரைச்சல், மிதியை அழுத்தியதும் அடங்கினால் பழுது கியர் பெட்டியில். அழுத்தும்போது மட்டும் எழுந்தால் கிளட்சின் பேரிங்கில். இறக்கத்தில் கியர் கழலுமாயின், பற்களின் தேய்வையும், கியரைப் பிடித்து நிறுத்தும் சுருள்வில்லின் தளர்வையும் பார்க்கவேண்டும். அதைச் சரிசெய்யும்வரை அக்காரைக் குன்றுச் சாலைக்குக் கொண்டுசெல்லலாகாது.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான போர்டு ‘டி’ மாடல் கார் இவற்றினின்று வேறுபட்டது. அதில் மூன்று மிதிகள் உண்டு: இடது மிதி கியருக்கு, நடுமிதி பின்னோட்டத்திற்கு, வலது மிதி பிரேக்கிற்கு. மிதிகள், பருத்தி உறை கொண்ட பட்டைகளை உருளைகள்மீது இறுக்கும். தாழ்ந்த கியரில் மட்டும் வழுக்கினால் குறை பட்டையில். உயர்ந்த கியரில் மட்டும் வழுக்கினால் கிளட்ச் தட்டுகளில். இடது மிதி தரையைத் தொட்டும் கார் ஏறாவிட்டால், பட்டை தேய்ந்துவிட்டது. பின்னோட்டப் பட்டை நன்றாயிருந்தால், காரைத் திருப்பிப் பின்னோக்கியே ஏற்றிவிடுவதும் உண்டு. எரிபொருள் தொட்டியிலிருந்து தானாக வழிந்து இறங்கும் அமைப்பு உள்ள கார்களில் அதுவே வசதியும் ஆகும். ஆனால் கால்பிரேக்கும் ஒரு பட்டையே என்பதை மறத்தலாகாது. தாழ்ந்த கியரின் பட்டையை வெளியிலிருந்தே திருகி இறுக்கலாம். மற்ற இரண்டிற்கும் மூடியைத் திறக்கவேண்டும். அவ்வமயம் ஒரு நட்டு உள்ளே விழுந்தாலும், அதைத் தேடி எடுக்காமல் எஞ்சினை முடுக்கக் கூடாது.