படமும் கணக்கும் ஒரே ஏட்டில்

கணக்கைத் தானே போட்டுப் படமும் வரைந்து காட்டும் மென்பொருள் காசில்லாமல் கிடைக்குமா என்று வணிக நண்பர்கள் கேட்பதுண்டு. கிடைக்கும். ஆனால் "படம் வரையும் மென்பொருள்" என்று தேடினால் ஏமாந்து போவோம். அதில் பெட்டியும் அம்புக்குறியும் அழகாக வரும். பெட்டிக்குள் எழுதிய எண்களை அது கூட்டித் தராது. நமக்கு வேண்டியது கணக்கு அட்டவணை மென்பொருள். 1979இல் வந்த விசிகால்க் தொடங்கி இவ்வகைக்கு உள்ள குணம் ஒன்றே: ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்களும் மாறிவிடும்.

2010இல் தொடங்கப்பட்ட லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் 'கால்க்' என்ற பகுதி இருக்கிறது. கடை உபயோகத்துக்கும் கட்டணம் இல்லை. அதை வெளியிடும் டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள்.

சரக்கு, கொள்முதல் விலை, விற்பனை விலை, விற்ற கிலோ, லாபம் என ஐந்து பத்திகள் போதும். கொள்முதல் விலையில் லாரி வாடகையும் இறக்குகூலியும் சேர வேண்டும். பலர் விடுவது இங்கேதான். லாபக் கட்டத்தில் சமக்குறி போட்டு, அடைப்புக்குறிக்குள் விற்பனை விலைக் கட்டத்தைத் தட்டி, கழித்தல் குறி இட்டு, கொள்முதல் விலைக் கட்டத்தைத் தட்டுங்கள். அடைப்பை மூடி, நட்சத்திரக் குறி போட்டு, கிலோ கட்டத்தைத் தட்டி எண்டர் அழுத்துங்கள். அக்கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்து இழுத்தால் மற்ற சரக்குகளுக்கும் கணக்கு வந்துவிடும். பிறகு சரக்குப் பத்தியையும், கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி லாபப் பத்தியையும் தேர்ந்து, இன்செர்ட் பட்டியலில் சார்ட் என்பதைத் தட்டினால் படம் தயார். தூண் படமே நல்லது. வட்டப் படத்தில் நஷ்டத்தைக் காட்ட முடியாது. தூண் படத்தில் அது கோட்டுக்குக் கீழே இறங்கித் தெரியும்.

ஓர் உதாரணக் கணக்கு. சீரகம் கிலோ 300க்கு வாங்கி 360க்கு விற்கிறோம். கிலோவுக்கு 60 ரூபாய். துவரம் பருப்பு 140க்கு வாங்கி 150க்கு. வெறும் 10 ரூபாய். சீரகம்தான் லாபம் என்று கை நீளும். ஆனால் 60 கிலோ சீரகம் விற்க இரண்டு மாதம் ஆனால், 18,000 ரூபாய் போட்டு 3,600 கிடைக்கும். பருப்பு வாரம் 125 கிலோ போனால், 17,500 ரூபாயே எட்டு முறை புரண்டு 10,000 தரும். படத்தில் பருப்பின் தூண் சீரகத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு உயர்ந்து நிற்கும். மண்டியில் பருப்பு விலை 4 ரூபாய் ஏறி, நாம் விற்பனை விலையை ஏற்றாவிட்டால்? 140ஐ 144 ஆக்கிப் பாருங்கள்; தூண் 6,000க்கு இறங்கிவிடும். விலையை எப்போது ஏற்றுவது என்பதை மாதக் கடைசியில் அல்ல, அன்றைக்கே தீர்மானிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. கட்டத்தில் 140 என்று மட்டும் அடியுங்கள். '140 ரூ' என்று அடித்தால் மென்பொருள் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். கழித்தல், பெருக்கலில் பிழை என்று சொல்லிவிடும். ஆனால் 'சம்' போட்டுப் பத்தியைக் கூட்டினால் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தொகையை விட்டுவிட்டுக் கூட்டும். முதல் மாதமாவது பேரேட்டோடு ஒத்துப் பாருங்கள்.