அளவும் ஆக்கமும்

அறிவியல் வேறு, கலை வேறு எனப் பிரித்தெண்ணும் வழக்கம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. விஞ்ஞானம் பயில்வோர் நாடகத்தை வீண்பொழுதெனக் கருதுவதும், இலக்கியம் பயில்வோர் கணிதத்தைக் கண்டு அஞ்சுவதும் அதன் விளைவேயாம். இப்பிரிவினை பொருந்துமா என்பதைச் சிறிது ஆராய்வாம்.

நம் தாயில்பட்டி வட்டாரத்து வாணவெடியை நோக்குக. விண்ணில் மலரும் செந்நிறம் ஸ்ட்ரான்ஷிய உப்பாலும், மஞ்சள்நிறம் சோடிய உப்பாலும் தோன்றுவன. உப்பின் இயல்பை அறிவது இரசாயனம். எந்நிறம் எப்பொழுது மலர்தல் வேண்டுமெனக் கருதுவது கலை. அளவு பிழைப்பின் அழகு கெடுவதோடு அமையாது. தொழிலாளியின் உயிர்க்கே ஊறு நேரும். ஈண்டு அறிவையும் கலையையும் பிரித்தல் இயலாது.

இசையிலும் நாடகத்திலும் இவ்வுண்மையை நிறுவியவர், ஈழத்துக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947). அவர் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்விலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறியவர்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஒன்றே அவருடைய இரு நூல்களுக்கு ஊற்றாயிற்று. 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் அக்காதையையும் உரையையும் துணைக்கொண்டு நாடகத்தின் உறுப்புக்களை ஆராய்ந்து, சேக்ஸ்பியரின் நாடகங்கள் 12ஐ எடுத்துக்காட்டாகக் காட்டினார். 1947இல் வெளிவந்த ‘யாழ் நூ’லிலோ, அதே காதையின் இசைச் செய்திகளைக் கொண்டு, வழக்கொழிந்த யாழின் இயல்பைக் கணித முறையால் ஆராய்ந்தார்.

அம்முறையின் அடிப்படை எளியது. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கின், முன்பிறந்த சுரமே மேற்றானத்தில் ஒலிக்கும்; மூன்றில் இரு பங்காக்கின், குரலுக்கு ஐந்தாவதாகிய இளி பிறக்கும். இத்தகைய பின்ன அளவுகளே பண்டைப் பண்களின் உருவை ஆராய அவர்க்குக் கருவியாயின.

காவியம் அறிந்து கணிதம் அறியாதார்க்கு அக்காதை வெறும் வருணனை. கணிதம் அறிந்து காவியம் அறியாதார்க்கோ அஃது இல்பொருள். இரண்டும் ஒருவரிடத்துக் கூடியமையாலன்றோ மறைந்த யாழைப் பற்றிய அறிவு நமக்கு மீண்டது! அந்நூல் அரங்கேறியது ஜூன் திங்களில். அடுத்த திங்களே சுவாமிகள் மறைந்தார்.

மாணவர்காள்! பிழைப்பின்பொருட்டு ஒரு துறையைத் தெரிந்துகொள்ளுதல் தகும்; அதன்பொருட்டு மற்றொன்றின் கதவை அடைத்தல் தகாது. ஒரு துறையில் மறைந்துள்ள பொருளுக்குத் திறவுகோல் பிறிதொரு துறையிற் கிடத்தலும் கூடும்.