கல்விக்குக் காலம் கடந்ததில்லை



இவ்விதழில் நாம் பாடமாக எடுத்துக்கொண்ட பொருள், இடையில் நின்றுபோன கல்வியை வளர்ந்த பின்னர் மீண்டும் தொடங்குதல் என்பதாகும். இளமையில் கற்றல் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. தந்தையை இழந்தமை, வறுமை, சிறுவயதுத் திருமணம், கைம்மைத் துயர், நோய், வழி தவறிய சில ஆண்டுகள் என எத்தனையோ காரணங்களால் ஏட்டை மூடி வைத்தவர் நம் ஒவ்வோர் ஊரிலும் உளர். அவருள் சிலர் முப்பதிலோ நாற்பதிலோ, "இனியும் படிக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்கின்றனர். அவ்வினாவுக்கு நாம் கூறும் விடை ஒருவருடைய வாழ்வைத் திறக்கவும் கூடும், அடைக்கவும் கூடும்.

இதனை நாம் பிறர்க்கு உபதேசமாகக் கூறவில்லை. நம்மிடத்து நேர்ந்த தவறொன்றே இதனை எழுதத் தூண்டியது. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவரும், கணவரை இழந்து இரு பிள்ளைகளைத் தனியே வளர்த்து வந்தவருமான அம்மையார் ஒருவர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத விரும்பி, விண்ணப்பம் நிரப்ப உதவி கேட்டு நம்மிடம் வந்தார். அவருடைய நன்மையை எண்ணுவதாகவே கருதிக்கொண்டு நாம், "பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் அம்மா, இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இந்தச் சுமை?" என்றோம். அவர் மறுமொழி ஏதும் கூறாமல் விண்ணப்பத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு சென்றார். மூன்று ஆண்டுகள் கழித்து, வேறொருவர் துணையால் அத்தேர்வை எழுதித் தேறினார் என்று அறிந்தோம். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் நம் சொல்லால் கழிந்தவை. அவர் நம்மைக் குறை கூறவில்லை. எனினும் நமக்கு அது மறக்கவில்லை.

சிறையில் பிறந்த உறுதி

காலம் கடந்து கற்றவர்களின் வரலாற்றில் துர்காபாய் தேஷ்முக் அம்மையாரின் வரலாறு நாம் ஊன்றிக் கற்கத்தக்கது. அவர் 1909 ஆம் ஆண்டு இராஜமுந்திரியில் பிறந்தார். எட்டு வயதில் அவருக்கு மணம் செய்விக்கப்பட்டது. வயது வந்த பின்னர் அம்மணவாழ்வில் புகாது விலகினார். குடும்பத்தார் அவர் முடிவிற்குத் துணை நின்றனர். ஆங்கிலவழிக் கல்வி புகுத்தப்பட்டதை எதிர்த்துச் சிறுவயதிலேயே பள்ளியை விட்டு நீங்கியவர் ஆதலின், முறையான படிப்பும் அவருக்கு இல்லாதிருந்தது.

1930 ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். 1933 ஆம் ஆண்டிற்குள் மும்முறை சிறைவாசம் கண்டார்; மதுரைச் சிறையில் தனிமைக் கொட்டடியிலும் அடைக்கப்பட்டார். அங்கே அவர் கண்ட காட்சி அவர் வாழ்வையே மாற்றியது. குற்றவாளிகள் என்று அடைக்கப்பட்டிருந்த பெண்களுட் பலர், தம்மீது சாட்டப்பட்ட குற்றம் யாது, அதற்கு எவ்வாறு மறுமொழி கூறுவது என்பவற்றைக்கூட அறியாதவராய் இருந்தனர். அறியாமையே அவர்களுக்கு இரண்டாவது சிறையாக இருந்தது. இவர்களுக்காக வாதாட வேண்டுமாயின் தாம் சட்டம் கற்க வேண்டும் என அம்மையார் உறுதி கொண்டார்.

சட்டக் கல்லூரியோ தொலைவில் இருந்தது; பள்ளி இறுதித் தேர்வே எழுதாதவர் அவர். விடுதலையான பின்னர், தம் இருபதுகளின் நடுவில், அடிப்படைப் பாடங்களிலிருந்து தொடங்கினார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறினார். பின்னர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் பயின்று பட்டம் பெற்றார். 1942 ஆம் ஆண்டு சென்னையில் சட்டப்பட்டம் பெற்று வழக்கறிஞரானார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. அதன்பின் நான்கே ஆண்டுகளில் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராக அமர்ந்தார்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. தாம் ஏறிய ஏணியை அவர் உதைத்துத் தள்ளவில்லை. 1937 இல் அவர் சென்னையில் நிறுவிய ஆந்திர மகிளா சபை, தம்மைப் போலவே படிப்பை இடையில் விட்ட பெண்களைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்தது. மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரான பின்னர், 1958 ஆம் ஆண்டில், கைம்பெண்களும் கைவிடப்பட்ட பெண்களும் குறுகிய காலத்தில் படித்துத் தேர்வெழுதும் சுருக்கமுறைக் கல்வித் திட்டம் வாரியத்தின் வழியாகத் தொடங்கப்பெற்றது. ஒருவர் காலம் கடந்து கற்ற கல்வி, பலர்க்கு வாயிலாயிற்று.

கைம்மையிலிருந்து கல்விக்கு

சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி செய்த தொண்டும் இவ்வகையினதே. 1886 இல் பிறந்து, சிறுமியாய் இருக்கும்போதே கணவனை இழந்த அவரை, தந்தையார் ஊரார் பழிக்கும் அஞ்சாது படிக்க வைத்தார். 1911 இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், இளங்கைம்பெண்களைத் தம் இல்லத்தில் சேர்த்துக் கல்வி புகட்டத் தொடங்கினார். அவ்வில்லம் பின்னர்ச் சென்னைக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கியது. அங்குப் பயின்ற பெண்கள் பலர் ஆசிரியைகளாயினர். வயது முதிர்ந்த பெண்களுக்கென்றே 1942 இல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலயம் என்னும் பள்ளியையும் அவர் நிறுவினார்.

நம் சமயத்தாரிடையேயும் இத்தகைய முன்னோடி உண்டு. இளமையிலேயே கைம்மை எய்திய பண்டிதை சந்தாபாய் அம்மையார், துயரில் ஒடுங்கிவிடாது கற்றுப் பண்டிதையாகி, 1921 இல் பீகாரின் ஆரா நகரில் ஜைன பாலா விச்ராம் என்னும் கல்விநிலையத்தை நிறுவினார்.

வயது ஒரு தடையா?

எழுத்தே அறியாது முதுமை எய்தியவரும் கற்க இயலுமோ எனின், இயலும். கேரளத்து ஆலப்புழை மாவட்டத்தில் வாழ்ந்த கார்த்தியாயினி அம்மாள், துப்புரவுப் பணி செய்தே வாழ்நாளைக் கழித்தவர். 2018 ஆம் ஆண்டு, தம் 96 ஆம் வயதில், மாநில எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வை எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். 2023 இல் அவர் மறையும் வரையில் மேலும் கற்க வேண்டும் என்னும் ஆர்வம் அவரிடம் குன்றவில்லை.

வளர்ந்தோர் கற்கும் முறை சிறுவர் கற்கும் முறையினின்று வேறுபட்டது. சிறுவர்க்கு மனப்பாடம் எளிது. வளர்ந்தோர்க்கோ பொருள் விளங்கினால்தான் மனத்தில் நிற்கும். ஆனால் பொருளை விளங்கிக்கொள்ளும் அனுபவம் அவர்களிடம் நிறைந்துள்ளது. கடை நடத்தியவர்க்கு இலாப நட்டக் கணக்கும், நிலம் உழுதவர்க்குப் பரப்பளவும் புதியன அல்ல. அவற்றின் பெயர்களே புதியவை. உண்மையான தடைகள் மூன்று: நேரமின்மை, நீண்ட நாள் விட்டுப்போன எழுத்துப் பழக்கம், நாணம். முதலிரண்டும் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படித்தும் எழுதியும் பழகினால் நீங்கும். மூன்றாவதாகிய நாணமோ கற்பவரால் மட்டும் நீங்குவதன்று. அதனை விளைவிப்பவர் சுற்றத்தார். நீக்க வேண்டியவரும் அவரே.

இன்று உள்ள வழிகள்

1989 இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கி, 2002 முதல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என வழங்கும் அமைப்பில் பத்தாம் வகுப்பிற்கும் பன்னிரண்டாம் வகுப்பிற்கும் இணையான படிப்புகள் உள்ளன. இவற்றில் சேரக் குறைந்த வயது வரம்பு உண்டேயன்றி, மேல் வரம்பு இல்லை. எல்லாப் பாடங்களையும் ஒரே முறையில் எழுத வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. ஒருமுறை சேர்ந்தவர் ஐந்து ஆண்டுகளுக்குள், ஒன்பது வாய்ப்புகளில், பாடங்களை ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். பகலெல்லாம் உழைப்பவர்க்கு இம்முறை பெரிதும் ஏற்றது. அதனினும் குறைவாகப் படித்தவர்க்கு மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வியும் அந்நிறுவனத்தில் உண்டு. எழுத்தறியாத பதினைந்து வயதிற்கு மேற்பட்டோர்க்காக 2022 முதல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் செயற்படுத்தப்படுகிறது.

இவ்வழியில் இறங்குவோர் முதலில் செய்ய வேண்டியது, தாம் கடைசியாகப் படித்த பள்ளியின் சான்றிதழையும் பிறப்புச் சான்றினையும் தேடி எடுத்தலாகும். இரண்டாவது, தமக்கு எளிதான பாடங்களை முதல் தேர்வுக்குத் தேர்ந்துகொள்ளுதல். முதல் வெற்றி சிறியதாயினும் அடுத்த பாடத்தை எடுக்கும் துணிவைத் தரும். மூன்றாவது, உடன் படிக்க ஒருவரைத் துணையாகக் கொள்ளுதல். தம் மகனிடமோ மகளிடமோ பாடம் கேட்பதில் இழிவு ஒன்றுமில்லை.

நம் கடமை

உயிரின் இயல்பு அறிவு என்பது நம் ஆகமங்களின் துணிபு. அறிவு எவரிடத்தும் இல்லாமற் போவதில்லை. ஞானாவரணீயக் கருமத்தால் மறைக்கப்பட்டிருக்கிறது. அக்கருமம் வந்து கட்டுவதற்குரிய காரணங்களுள், பிறர் கற்பதற்கு இடையூறு செய்தலும் ஒன்றாகக் கூறப்பட்டுள்ளது. இடையூறு என்றவுடன் நூலைப் பறித்தலையும் பள்ளியை அடைத்தலையுமே நாம் எண்ணுகின்றோம். "இந்த வயதில் எதற்கு?" என்னும் சொல்லும் இடையூறே. அன்பினால் சொன்னோம் என்பது அதன் விளைவை மாற்றிவிடாது. நாம் முதலிற் கூறிய அம்மையாரிடத்து நம் வாயிலிருந்து வந்ததும் அச்சொல்லேயாகும்.

அவ்வாறே தானங்கள் நான்கனுள் சாத்திரதானம் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. ஏடெழுதிக் கொடுத்த அக்காலத்து அறவோர் போல, இக்காலத்தில் நாம் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம்; தேர்வுக் கட்டணம் செலுத்தலாம்; மாலையில் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லித் தரலாம்; தாய் தேர்வுக்குச் செல்லும் நாளில் அவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். அவர் கடந்து வந்த துயரங்களைக் கிளறிக் கேளாமல் இருப்பதும் ஓர் உதவியே. பழைய வாழ்வை விட்டு வெளியேற விரும்புவோரிடம் அதனையே நினைவூட்டிக்கொண்டிருத்தல் தகாது.

பின்னொரு நாள் அவ்வம்மையாரைக் கண்டு, நாம் கூறிய சொல்லுக்காக வருந்தினோம். அவர் சிரித்து, "அதை விடுங்கள் ஐயா. பன்னிரண்டாம் வகுப்புக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது, அதை நிரப்பித் தாருங்கள்" என்றார். அன்று மாலையே நிரப்பிக் கொடுத்தோம்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. நம் குடும்பத்தில் படிப்பை இடையில் விட்டவர் எவர்? அதன் காரணத்தை நாம் அறிவோமா?

2. அவர் மீண்டும் படிக்க விரும்பினால், வீட்டு வேலைகளுள் எவற்றை நாம் ஏற்றுக்கொள்வோம்?

3. பிறருடைய கல்வி ஆர்வத்தை நம் சொல் குன்றச் செய்தது உண்டா? உண்டெனின், அதனை இன்று எவ்வாறு சரிசெய்யலாம்?

இம்மூன்று வினாக்களையும் குடும்பத்தாருடன் அமர்ந்து ஆராயுமாறு அன்பர்களை வேண்டுகின்றோம்.