விதை முதல் விதை வரை
சிறுவர்க்கு உயிர்களின் பருவங்களைக் கற்பித்தல்

கிராமத்துப் பிள்ளைக்குச் செடியைப் பற்றியும் பூச்சியைப் பற்றியும் பள்ளியில் தனியே கற்பிக்க வேண்டுமா என்று கேட்பவர் உண்டு. வயலிலே பிறந்து வயலிலே வளரும் குழந்தைக்கு அவற்றைப் பற்றி நாம் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறோம் என்பது அவர்கள் கேள்வி. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியது ஓர் எருக்குழி.

நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் எருக்குழிகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். குழியைக் கிளறியபோது, கட்டை விரல் பருமனுள்ள வெள்ளைப் புழுக்கள் பல சுருண்டு கிடந்தன. அருகில் நின்ற சிறுவன் ஒருவன், “ஐயா, இதனுடைய தாய் எது?” என்று கேட்டான். குழிக்கு உரியவரான பெரியவர் சிரித்து, “குப்பை மக்கினால் புழு தானே உண்டாகும், அதற்கு ஏதடா தாய்?” என்றார். உடன் வந்த வேளாண்மை அலுவலர் மறுமொழி கூறவில்லை. பெரியவரின் தென்னந்தோப்புக்கு எங்களை அழைத்துச் சென்றார். அங்கே ஓலைகள் கத்தரியால் முக்கோணமாக வெட்டியவைபோல் காணப்பட்டன. மரம் ஏறுபவர் குருத்திலிருந்து கம்பியால் குத்தி எடுத்த கரிய வண்டினைக் காட்டி, “தம்பி, அந்தப் புழுவின் தாய் இதுதான்” என்றார் அவர்.

காண்டாமிருக வண்டு எருக்குவியலிலும் மக்கிய தென்னங்கட்டையிலும் முட்டையிடுகிறது. ஏறத்தாழ 10 நாளில் முட்டை பொரிந்து புழு வெளிவருகிறது. புழு 3 முதல் 6 மாதம் வரை எருவைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகிப் பின்னர் வண்டாகிப் பறந்து தென்னையின் குருத்தைக் குடைகிறது. பெரியவர் ஆண்டுதோறும் தம் தோப்பின் பகையைத் தம் குழியிலேயே ஊட்டி வளர்த்து வந்திருக்கிறார். புழுவையும் அறிவார்; வண்டையும் அறிவார்; இரண்டும் ஒன்றே என்பதை மட்டும் அறியார். ஒரு சிறுவனின் கேள்விக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்திருந்தால், எத்தனை தென்னைகள் பிழைத்திருக்கும்!

இது அவர் ஒருவருடைய குறை அன்று. அழுகும் பொருளில் புழு தானே தோன்றுகிறது என்றே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1668-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி, சில சாடிகளில் இறைச்சியை இட்டு, சிலவற்றைத் திறந்தும் சிலவற்றை மெல்லிய துணியால் மூடியும் வைத்தார். ஈ அமர்ந்த திறந்த சாடிகளின் இறைச்சியில் மட்டுமே புழு கண்டது. ஈயின்றிப் புழு இல்லை என்பது அதனால் புலனாயிற்று.

சுவரில் எழுதிய பாடம்

இதனைப் பிள்ளைகளுக்கு உணர்த்த விரும்பி, பள்ளி ஒன்றின் சுவரில் வண்ணத்துப்பூச்சியின் நான்கு பருவங்களையும் அழகிய ஓவியமாக எழுதச் செய்தோம். சில மாதம் கழித்துச் சென்றபோது பிள்ளைகள் “முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி” என்று ஒரே குரலில் ஒப்பித்தனர். மகிழ்ந்தோம். பின்னர் அதே பள்ளி முற்றத்துக் கறிவேப்பிலைச் செடியில் தொங்கிய கூடொன்றைக் காட்டி, இது யாது என்று வினவினோம். “காய்ந்த இலை” என்றனர். ஓவியத்திற்குச் செலவழித்த பணமும் முயற்சியும் எதற்குப் பயன்பட்டன என்று அன்று நாமே வருந்தினோம். உயிரின் பருவங்களை உயிரைக் கொண்டே கற்பிக்க வேண்டும் என்பது அன்று யாம் கற்ற பாடம்.

வெண்டைச் செடி

செடியின் வாழ்வைக் காட்டுவதற்கு வெண்டை மிகவும் ஏற்றது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் விதைத்தால், சுமார் ஒரு வாரத்திற்குள் முளை தெரியும். ஏறக்குறைய 40 நாளில் மஞ்சள் நிறப் பூ மலரும். ஒரு பூ ஒரு நாளே மலர்ந்திருக்கும் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டறிவர். பூ இருந்த இடத்தில் காய் நீள்வதை நாள்தோறும் ஒரு நூலால் அளந்து, அந்த நூலைத் தாளில் ஒட்டி வைக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது ஒரு கணக்கேடு ஆகும்.

இங்கே ஒரு தவறு நிகழ்வதைப் பல இடங்களில் கண்டிருக்கிறோம். காய்களையெல்லாம் பறித்துச் சத்துணவுக்குக் கொடுத்துவிட்டு, செடியைப் பிடுங்கி எறிந்து விடுகின்றனர். உணவுக்குக் காய் கொடுத்தல் நன்றே. ஆயினும் பாடம் பாதியில் நின்று விடுகிறது. விதையிலிருந்து காய் வந்தது என்று குழந்தை அறியும். காயிலிருந்து மீண்டும் விதை வரும் என்று அறியாது. ஆகவே ஓரிரு செடிகளைப் பறிக்காமல் விட்டு, காய் முற்றிக் காய்ந்து வெடிக்கும் வரை காத்திருத்தல் வேண்டும். தான் நட்ட ஒரு விதைக்கு ஈடாக எத்தனை விதை கிடைத்தது என்று பிள்ளை எண்ணிப் பார்க்கட்டும். காய்ந்த செடி எருக்குழியில் மக்கி மண்ணாவதையும் காட்டுதல் நலம். சாவு என்பதைக் குழந்தையிடம் மறைக்க வேண்டியதில்லை. ஒரு செடியின் முடிவு அடுத்த செடிக்கு உணவாகிறது என்பதை அது அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும்.

கறிவேப்பிலையும் கோழியும்

கறிவேப்பிலைத் தளிரில் கடுகினும் சிறிய உருண்டை முட்டைகளைத் தேடினால் காணலாம். அவற்றிலிருந்து வரும் புழு முதலில் பறவையின் எச்சம்போல் தோன்றும். அதனால் பறவைகள் அதனைத் தீண்டுவதில்லை. வளர்ந்தபின் பச்சை நிறம் பெற்று, மெல்லிய நூலால் தன்னைக் கிளையுடன் கட்டிக்கொண்டு கூடாகிறது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்ணத்துப்பூச்சி வெளிவந்து விடும். இலையோடு கிளையை ஒரு சாடியில் வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டி, நாள்தோறும் புதிய தழை இட்டால் போதும். மயிரடர்ந்த கம்பளிப்பூச்சியை மட்டும் பிள்ளைகள் தொடலாகாது. அது அரிப்பை உண்டாக்கும்.

இதனோடு அடைகாக்கும் கோழியையும் ஒப்பிட்டுக் காட்டலாம். 21-ஆம் நாள் வெளிவரும் குஞ்சுக்குத் தாயைப்போலவே அலகும் காலும் இறகும் உண்டு. வண்ணத்துப்பூச்சியின் குஞ்சோ தாயைச் சிறிதும் ஒத்திராது. தவளையின் தலைப்பிரட்டையும் அவ்வாறே. தாயை ஒத்துப் பிறப்பன சில, உருமாறி வளர்வன சில என்னும் இந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளை உணர்ந்துவிட்டால், பாடத்தின் உயிர்நிலை கைவந்துவிட்டது எனலாம்.

உழவர்க்கு இதனால் என்ன பயன்?

அசுவினியைத் தின்று பயிரைக் காப்பது பொறிவண்டு. அதன் புழு, புள்ளிகளுடன் கூடிய சிறு முதலைபோல் இருக்கும். உருவ ஒற்றுமை இன்மையால் அதனைப் பகையென்று எண்ணி நசுக்குவோர் பலர். நண்பனின் பிள்ளையை அறியாமல் கொல்வது இது. நெற்பயிரின் குருத்துப்பூச்சியோ நாற்றின் இலை நுனியருகே முட்டைக் குவியலை இட்டுப் பழுப்பு நிற மயிரால் மூடி வைக்கிறது. நடுமுன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிட வேண்டும் என்று வேளாண்மைத் துறையினர் கூறுவது இதனால்தான். பருவத்தை அறிந்தவனுக்குக் கிள்ளுவதோடு முடியும் வேலை, அறியாதவனுக்கு மருந்துச் செலவாக வளர்கிறது.

கொசுவும் இத்தகையதே. தொட்டி நீரில் நெளியும் புழு, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிறது. ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்தல் வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவின் முட்டையோ, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு நீரின்றிப் பல மாதம் உயிரோடிருக்க வல்லது. எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதனைக் கண்ணால் கண்ட குழந்தை வீட்டில் சொன்னால், ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேளாத தாயும் கேட்பாள்.

ஊராட்சி செய்யத்தக்கவை

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் அருகில் இரண்டு பாத்தி நிலமும், ஆடு நுழையாத வேலியும், தண்ணீர்க் குழாயும் போதும். அப்பாத்தியில் பூச்சிமருந்து தெளித்தல் கூடாது. விடுமுறை நாட்களில் நீர் ஊற்றுவதற்கு ஒருவரை முன்கூட்டியே பொறுப்பாக்க வேண்டும். கவனிப்பாரின்றி வாடிய தோட்டம் பிள்ளைகளின் ஆர்வத்தையும் வாட்டிவிடும். ஊரில் அனுபவம் மிக்க உழவரை மாதம் ஒருமுறை வகுப்புக்கு அழைத்துப் பேசச் செய்யலாம். ஆசிரியருக்குப் புத்தகம் தெரியும். அவருக்கு மண் தெரியும். பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

ஜூனில் விதைத்த வெண்டை, அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை கூடும் வேளையில் முற்றி விதை தந்திருக்கும். அந்தச் சபையிலே பிள்ளைகள் தம் நூலளவு ஏட்டைக் காட்டி, தாம் எடுத்த விதையை ஊராருக்குப் பங்கிட்டுக் கொடுக்கட்டும்.

எருக்குழியருகே கேள்வி கேட்ட அந்தச் சிறுவன், இப்போது வாரந்தோறும் அப்பெரியவரோடு சேர்ந்து குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிகளுக்குப் போடுகிறான். “இவன் எனக்கு வாத்தியார் ஆகிவிட்டான், ஐயா” என்றார் பெரியவர், அண்மையில் நாம் அவ்வூருக்குச் சென்றபோது. ஒவ்வோர் ஊரிலும் இத்தகைய கேள்வி ஒன்று ஏதோ ஒரு குழந்தையின் வாயில் காத்திருக்கிறது. அதற்குச் செவி சாய்ப்பது நம் கடமை.