மலை முகட்டில் தண்ணீர் கிடையாது

ரென்ஷ்டைக் போகப் போகிறேன் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் ஷூ பற்றித்தான் கேட்கிறார்கள். ஷூவை விடுங்கள். தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்.

ஜெர்மனியின் நடுவில், துரிங்கியக் காட்டு மலையின் உச்சி விளிம்பிலேயே போகும் பாதை இது. மேற்கே வெர்ரா ஆற்றங்கரையில் ஹோர்ஷெல், கிழக்கே சாலே ஆற்றங்கரையில் பிளாங்கன்ஷ்டைன், இடையே சுமார் 170 கி.மீ. 1330ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இதன் பெயர் வருகிறது. அக்காலத்துச் சிற்றரசுகளின் எல்லை இந்த முகட்டோடு போனதால், வழிநெடுக எல்லைக்கற்கள் ஆயிரத்துக்கும் மேல் நிற்கின்றன. ஒரு முகத்தில் ஒரு அரசின் சின்னம், மறுமுகத்தில் பக்கத்து அரசின் சின்னம். பாசியைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தால், வெட்டிய ஆண்டுகூடச் சிலவற்றில் தெரியும். எனக்கு இந்தப் பாதையில் பிடித்ததே அந்தக் கற்கள்தான். இமயமலை மாதிரி காட்சி எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். பெரும்பாலும் காட்டுக்குள்தான் நடக்க வேண்டும். மிக உயரமான குரோஸர் பேர்பெர்க்கே 983 மீட்டர்தான். அதன் உச்சி பாதுகாக்கப்பட்ட சதுப்பு என்பதால் அங்கே கால் வைக்கவும் முடியாது.

சரி, தண்ணீர். பாதை முகட்டில் போகிறது என்றால் அது நீர்ப்பிரிமேடு என்று அர்த்தம். பெய்கிற மழை இரண்டு பக்கமும் வழிந்து இறங்கிவிடும். ஊற்றுகள் எல்லாம் சரிவில், கீழே. சீக்மண்ட்ஸ்பூர்க் அருகே 1906இல் நட்ட ஒரு கல்தூண் இருக்கிறது. ரைன், எல்பே, வேஸர் என்ற மூன்று பெரிய ஆறுகளின் நீர் பிரிகிற இடம் அது. அங்கே நின்றால் மூன்று ஆறுகளின் பெயரையும் படிக்கலாம், குடிக்க ஒரு வாய் தண்ணீர் கிடையாது.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நேர்மாறாகச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணன், ஜெர்மனிக்கு வந்து பல வருடங்கள் ஆனவர். “தண்ணியைத் தூக்கிட்டு யாராவது ஜெர்மனியில நடப்பாங்களா தம்பி? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு கெஸ்ட்ஹவுஸ் வரும். அரை லிட்டர் பாட்டில் போதும், வெயிட்டைக் குறை” என்றார். பிறகுதான் தெரிந்தது, அவர் அந்த மலையைக் காரில் கடந்தவர். கார் போகிற சாலையில் விடுதிகள் இருக்கும்தான். நடக்கிறவனுக்கு அந்தக் கணக்கு உதவாது.

ஞாயிற்றுக்கிழமை ஹோர்ஷெலில் தொடங்கினேன். வாரக் கடைசியில் கிளம்பி, திங்கள் முதல் அலுவலக விடுப்பு. உங்களுக்கும் அப்படித்தான் வாய்க்கும். ஞாயிறு அன்று இங்கே சூப்பர் மார்க்கெட் திறக்காது என்பது உங்களுக்கே தெரியும். முதல் நாள் பிரச்சினை இல்லை. திங்கள் அன்று இன்செல்ஸ்பெர்க் வரை நடக்க வேண்டும். ஹோர்ஷெல் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர்கூட இல்லை, இன்செல்ஸ்பெர்க் 916 மீட்டர். ஆக, ஏற்றம்தான். வழியில் பெரிதாக ஊர் கிடையாது. சாலை குறுக்கிடும் இடத்தில் ஒரு விடுதியை வரைபடத்தில் குறித்து வைத்திருந்தேன். மதியச் சாப்பாடு, தண்ணீர் இரண்டும் அங்கேதான் என்று திட்டம்.

போய்ச் சேர்ந்தபோது பாட்டில் காலி. விடுதி மூடியிருந்தது. கதவில் ஒரு அட்டை: திங்கள், செவ்வாய் ‘ரூஹெடாக்’, அதாவது விடுமுறை நாள். நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்துச் சங்கிலி போட்டிருந்தார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பூச்செடிகளுக்கு நீர் விடுகிற குழாய் ஒன்று சுவரில் இருந்தது. அதன் கைப்பிடியைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். வெறும் சதுரத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. வாய்ப்பகுதியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

பையில் சாப்பாடு இருந்தது. அவலும் புளிக்காய்ச்சலும். அடுப்பு வேண்டாம், பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும், காட்டில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால் இதைவிடச் சரியான உணவு இல்லை என்று இப்போதும் அடித்துச் சொல்வேன். ஆனால் தண்ணீர் இல்லாமல் அவலை என்ன செய்வது? ஒரு பிடி வாயில் போட்டுப் பார்த்தேன், தொண்டையில் இறங்கவில்லை.

ஜூலை வெயில். 2018இலிருந்து வந்த வறட்சியும் பட்டை வண்டும் சேர்ந்து அந்த மலையில் ஸ்ப்ரூஸ் மரங்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றிருக்கின்றன. நிழல் என்று படம் காட்டுகிற இடங்களில் வெட்டிய அடிமரங்கள்தான் நிற்கின்றன. சைக்கிளில் வந்த ஒருவர் தன் பாட்டிலில் இருந்த மிச்சத்தைக் கொடுத்தார், இரண்டு மடக்கு. தலை லேசாகச் சுற்ற ஆரம்பித்ததும் முகட்டை விட்டுவிட்டுக் கீழே தெரிந்த ஊருக்கு இறங்கினேன். அந்த முடிவு சரி. ‘கொஞ்சம் பொறுத்து மேலே ஏறியிருக்கலாமே, உச்சியில் கடை இருக்கிறதே’ என்று பிறகு நண்பர்கள் சொன்னார்கள். தலை சுற்றுகிற நிலையில் தனியாக, ஆள் நடமாட்டம் இல்லாத செங்குத்துப் பாதையில் ஏறச் சொல்கிறவர்கள் என்னோடு வந்திருக்க வேண்டும்.

ஊருக்குள் நுழைந்ததும் எதிர்ப்பட்டது கல்லறைத் தோட்டம். அங்கேதான் குழாய் இருந்தது. பூவாளியில் நீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்கும் முன்பே, “குடிக்கலாம், எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் இதே தண்ணீர்தான்” என்றார். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஜெர்மனியில் அநேகமாக எல்லாக் கல்லறைத் தோட்டத்திலும் குழாய் உண்டு. ‘கைன் ட்ரிங்க்வாஸர்’ என்று பலகை இருந்தால் குடிக்கக் கூடாது. பலகை இல்லாவிட்டாலும் யாரையாவது கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

இறங்கியதில் மாலை போய்விட்டது. மேலே முன்பதிவு செய்த அறைக்குக் கட்டிய பணம் திரும்பவில்லை, கீழே இன்னொரு அறைக்கும் கட்டினேன். முழங்கால் பிடித்துக்கொண்டது, வழியில் வரும் ஓபர்ஹோஃப் ஊரைத் தாண்டும்வரை விடவில்லை. இத்தனையும் ஒன்றரைக் கிலோ சுமையை மிச்சம் பிடிக்கச் சொன்ன பேச்சால். அந்த அண்ணனிடம் திரும்பி வந்து சொன்னேன். “அதான் போய்ச் சேர்ந்துட்டியே, அப்புறம் என்ன?” என்றார். இதுவரை ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

மூன்று லிட்டர் கொள்ளளவு இருக்க வேண்டும். தினமும் முழுதாக நிரப்ப வேண்டாம். மாஸெர்பெர்க், நோய்ஹவுஸ் பக்கமெல்லாம் ஊர்கள் நெருங்கி வரும், அங்கே குறைத்துக்கொள்ளலாம். மேற்குப் பாதியில் குறைக்காதீர்கள்.

மற்றதெல்லாம் சுலபம். வழி தவற வாய்ப்பே இல்லை, மரத்துக்கு மரம் வெள்ளை ‘ஆர்’ எழுத்து. ஹோர்ஷெலுக்கும் ரயில் உண்டு, பிளாங்கன்ஷ்டைனிலும் ரயில் உண்டு, டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும். கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. மரக் குடில்கள் வழியெங்கும் உண்டு, மழைக்கு ஒதுங்கலாம். உண்ணிக்கடிக்குத் தடுப்பூசியைக் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் உருளைக்கிழங்கு ‘குளோஸ’ உருண்டையைப் பார்த்து மகிழும் முன், அதன் மேல் ஊற்றும் குழம்பு எதில் செய்தது என்று கேளுங்கள். ஷூ கேட்டீர்களே, சாதாரண ஓட்ட ஷூ போதும். பாதை பெரும்பாலும் அகலமான சரளைச் சாலை. தோல் பூட்ஸ் வாங்கு என்று என்னை விரட்டியவர்கள் யாரும் இதில் ஒரு கிலோமீட்டர்கூட நடந்ததில்லை.

கிழக்கே ஷ்டைன்பாக் அம் வால்ட் பக்கம் பாதை பவேரியாவுக்குள் போய் வருகிறது. இரண்டு ஜெர்மனிகளாக இருந்த காலத்தில் இந்தப் பாதை அங்கே அறுபட்டுக் கிடந்தது. 1990இல்தான் முழுதாக மீண்டும் நடக்க முடிந்தது. பழைய எல்லைக்கற்களைப் பார்த்துக்கொண்டே வந்தவனுக்கு அந்த இடத்தில் வேகமாக நடக்க மனம் வரவில்லை. அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வெர்ராவில் ஒரு கூழாங்கல் எடுத்து வந்து சாலேயில் போடுவது வழக்கம். நானும் போட்டேன்.

தனியாகப் போகாதே என்பார்கள். போங்கள். கிளம்பும் முன் வழியில் குறித்து வைத்திருக்கும் ஒவ்வொரு விடுதிக்கும் நீங்களே போன் போட்டு, “உங்கள் ரூஹெடாக் எந்தக் கிழமை?” என்று கேளுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். காரில் போனவர் பேச்சையும் நம்ப வேண்டாம்.